குளித்து வந்தவள் இளையவள்

அந்த முலாம் பட்டறையில் அவளை எல்லோரும் மணிக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். புதிதாக வருகிறவர்கள் அவள் பாசிமணி விற்பவள் என்று நினைத்துக்கொள்வார்கள். ஒருமுறை முதலாளியைப் பார்க்க வந்த ஓர் அம்மாள், கழுத்துக்கு எடுப்பாக ஒரு சரம் கிடைக்குமா என்று கேட்டேவிட்டாள். மணிக்காரி முகத்தில் சிரிப்பைக் காட்டவே இல்லை. கிடைக்கும், ஆனால் போட்டால் கழுத்து பச்சையாகிவிடும், பரவாயில்லையா என்று திருப்பிக் கேட்டாள்.

அவளுடைய மணிகள் கடுகைவிடக் கொஞ்சம் பெரியவை. தேன் நிறம். கையில் அள்ளினால் ஈர மணல் போல விரலிடுக்கில் வழுக்கும். குழாய்க்கும் கைப்பிடிக்கும் பளபளப்பு ஏற்ற, பட்டறையில் நிக்கல் முலாம் பூசுவார்கள். பூசிய பொருளை அலசுகிற தண்ணீரில் நிக்கல் கலந்துவிடும். பார்த்தால் சாதாரணத் தண்ணீர்தான், உள்ளே இருப்பதோ விஷம். இந்த மணிகளின் நடுவே அதை ஓடவிட்டால் நிக்கலை மணிகள் பிடித்து வைத்துக்கொள்ளும். தண்ணீர் சுத்தமாகி, மணிகள் இருக்கிற கொட்டகையின் பின்சுவரைத் தாண்டி வாய்க்காலில் விழும்.

பிடித்துப் பிடித்து மணிகளின் வயிறு நிறைந்துவிட்டால் அவற்றுக்கு ஆசிட் குளியல். குளித்ததும் மணிகள் நிக்கலைக் கக்கிவிடும். தொட்டியில் இறங்குகிற அந்தத் தண்ணீர், இலையை அரைத்துப் பிழிந்த மாதிரி பச்சைப் பசேலென்று இருக்கும். அந்தப் பச்சை மறுபடியும் முலாம் தொட்டிக்கே போகும். மணிகளும் பசியோடு மறுபடி வேலைக்குத் தயாராகும். வருடக்கணக்காக அதே மணிகள்தான். தேய்ந்து போகாத வேலைக்காரிகள் என்று அவற்றைப் பற்றி அவள் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

மணிகள் இரண்டு பெரிய உருளைகளில் இருந்தன. ஒன்று வாசல் பக்கம், இன்னொன்று சுவர்ப் பக்கம், ஆள் உயரத்துக்கு. தண்ணீர் முதலில் ஒன்றில் இறங்கி, பிறகு மற்றதில் புகுந்து வெளியேறும். இவற்றை நிறுவ வந்த பொறியாளர் முதலாவது, இரண்டாவது என்று சொல்லிவிட்டுப் போனார். மணிக்காரிக்கு அது பிடிக்கவில்லை. எண்ணோடு யார் குடித்தனம் நடத்துவது? முன்னால் நிற்பதை மூத்தவள் என்றாள், பின்னால் நிற்பதை இளையவள் என்றாள். வீட்டுப் பாரமெல்லாம் முதலில் மூத்தவள் தலையில் விழும், மிச்சம் மீதியை இளையவள் பார்த்துக்கொள்வாள் என்பது அவள் கணக்கு.

இதில் ஒரு வேடிக்கை இருந்தது. மூத்தவள் நிறைந்ததும் அவளைப் பிரித்துக் குளிக்க வைக்க வேண்டும். அதுவரை இளையவள் தனியாகத் தாங்குவாள். குளித்து முடித்தவளை வால்வைத் திருப்பிப் பின்னால் நிறுத்துவார்கள்; உருளை நகராது, தண்ணீர் புகுகிற வரிசை மட்டும் மாறும். அப்போது பின்னால் இருந்தவள் மூத்தவளாகிவிடுவாள், குளித்து வந்தவள் இளையவளாகிவிடுவாள். மூத்தவள் என்பது உருளையின் பெயரல்ல, வரிசையில் நிற்கிற இடத்தின் பெயர். பட்டறையே இதைச் சொல்லிச் சிரிக்கும். ஒரு குளியலில் வயசு குறைகிற அதிர்ஷ்டம் நமக்கெல்லாம் வாய்க்குமா என்பார் மேஸ்திரி, தன் நரைத்த மீசையைத் தடவிக்கொண்டே.

கொட்டகையில் சிரித்த மணிக்காரிக்கு வீட்டில் அதே கூத்து நடந்தபோது சிரிக்க முடியவில்லை.

அவள் அந்த வீட்டின் இளைய மகனைக் கட்டிக்கொண்டு வந்தவள். மூத்த மகன் தையல்காரர். கல்யாணமே வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நின்றவர். ஆகவே வீட்டுக்கு அவள் ஒரே மருமகள். மாமியார் அவளை மருமகளே என்று கூப்பிட்டார். அந்த ஒரு வார்த்தைக்குள் அரிசிப் பானை, அலமாரிச் சாவி, யார் வந்தால் எங்கே உட்கார வைப்பது என்கிற அதிகாரம் எல்லாம் அடக்கம். அந்த வீட்டில் குழந்தை அழுகிற சத்தம் மட்டும் கேட்கவில்லை. அதைப் பற்றி யாரும் அவளிடம் பேசியதில்லை. பேசாமல் இருந்ததே அவளுக்குப் போதுமான வலி.

காதோரம் நரை விழுந்த பிறகு தையல்காரருக்குக் கல்யாண யோகம் வந்தது. ரவிக்கை அளவு சரியில்லை என்று சண்டை போட வந்த ஒருத்தியையே கட்டிக்கொண்டார். ரவிக்கையை இன்னும் அவர் சரி செய்து தரவில்லை என்று வீட்டில் கேலி செய்வார்கள். வந்தவள் மணிக்காரியைவிட வயதில் எவ்வளவோ சின்னவள். ஆனாலும் மூத்த மகனின் மனைவி. அவள் வாசலில் கால் வைத்த அன்றே மாமியார் வாய் நிறைய அழைத்தார்: "மூத்தவளே, உள்ள வாம்மா." பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, "இளையவளே, தண்ணி கொண்டா" என்றார்.

இளையவளே! மணிக்காரி தண்ணீர் கொண்டுவந்தாள். செம்பை அந்தப் பெண்ணின் கையில் கொடுக்காமல் தரையில் வைத்தாள்.

முறைப்படி பார்த்தால் அந்தச் சின்னப் பெண்ணை அவள் அக்கா என்று அழைக்க வேண்டும். வயதுப்படி பார்த்தால் அந்தப் பெண் இவளை அக்கா என்று அழைக்க வேண்டும். இருவருக்கும் அந்தச் சொல் தொண்டையில் மாட்டிய முள்ளானது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கடைசியில் ஒருவரை ஒருவர் எதுவும் சொல்லி அழைக்காமல் இருப்பது என்று வாய் திறக்காமலே ஒப்பந்தம் ஆயிற்று. சொல்லி அழைக்க ஒரு சொல் இல்லாதபோது பேச்சு எங்கிருந்து வரும்? சண்டை இல்லை, சச்சரவு இல்லை. பேச்சு மட்டும் நின்றுபோனது.

விதி அதோடு விட்டதா? ரெடிமேடாகத் தைத்து விற்கிற சட்டைகள் தெருத்தெருவாகக் குவிய, தையல் கடையில் ஈ ஓட்ட வேண்டியதாயிற்று. புதியவள் வேலை தேடினாள். எங்கு சுற்றியும் கடைசியில் வந்து சேர்ந்தது அதே பட்டறை, அதே கொட்டகை. காலையில் இவள், மதியத்துக்கு மேல் அவள்.

கொட்டகையில் நிலைமை தலைகீழ். இங்கே எல்லோருக்கும் மணிக்காரிதான் அக்கா. முதலாளியே சில சமயம் அக்கா என்பார். புதியவள் சூட்டிகையானவள், மோட்டார் இரைச்சலிலேயே எந்த இணைப்பு கசிகிறது என்று காதால் கண்டுபிடித்துவிடுவாள். ஆனால் அவள் மட்டும் அக்கா என்று அழைக்கவில்லை. சொல்ல வேண்டியதை இருவரும் மேஸ்திரியிடம் சொல்வார்கள், அவர் அங்குமிங்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பார். எதிரெதிரே நின்றுகொண்டு, நடுவில் என்னை நிறுத்தித் தபால் போடுகிறீர்களே, நியாயமா என்று அவர் புலம்புவார். இரண்டு பேரும் காதில் வாங்கியதாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள்.

இந்த நிலையில்தான் முதலாளி ஒரு நாள் இடியை இறக்கினார். முலாம் வேலை குறைந்துவிட்டது. அடுத்த மாதம் முதல் கொட்டகைக்கு ஓர் ஆள் போதும். இரண்டு பேரில் யார் என்பதை இந்த வாரத்துக்குள் சொல்கிறேன், இன்னொருவருக்குப் பட்டறையில் வேறு இடம் இல்லை, மன்னிக்க வேண்டும் என்றார்.

மணிக்காரிக்கு வீட்டில் மூத்தவள் என்கிற இடம் போயாகிவிட்டது. மிச்சம் இருந்தது இந்தக் கொட்டகை ஒன்றுதான். இதுவும் போனால் அவள் எங்கே போய் யாருக்கு அக்காவாக இருப்பாள்? அன்றிலிருந்து உருளைகளைத் துடைக்கும்போது அவள் கை வழக்கத்தைவிட அதிக நேரம் அவற்றின் மேல் தங்கியது.

அந்த வாரத்தின் நடுவில் அது நடந்தது.

காலையில் வாசல் பக்கத்து உருளை முன்னால் நின்றது. அவள்தான் மூத்தவள், வயிறும் நிறைந்திருந்தது. மணிக்காரி அவளைக் குளிப்பாட்டினாள். பச்சை முழுவதும் இறங்கியது. அலசி, வால்வுகளைத் திருப்பி, அவளைப் பின்னால் நிறுத்தினாள். சுவர்ப் பக்கத்து உருளை முன்னுக்கு வந்தது. அதுவும் நிறையப் போகிற நிலைதான், மதியம் அதையும் குளிப்பாட்டிவிட வேண்டும். பச்சைத் தண்ணீரை முலாம் தொட்டிக்கு அனுப்பிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டே மேஸ்திரியிடம் சொன்னாள்: "மூத்தவள குளிப்பாட்டியாச்சு. அடுத்தவள மதியம் குளிப்பாட்டச் சொல்லுங்க."

மேஸ்திரி ஓர் எழுத்து மாறாமல் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஒரு சொல்கூடத் தவறவில்லை. ஆனால் மணிக்காரி மூத்தவள் என்றது காலையில் மூத்தவளாக இருந்தவளை. புதியவள் அதைக் கேட்ட நேரத்தில் மூத்தவள் வேறொருத்தி. மூத்தவள் குளித்துவிட்டாளாம், அப்படியானால் பின்னால் நிற்பவளைத்தான் குளிப்பாட்ட வேண்டும் என்று புதியவள் புரிந்துகொண்டாள். நேருக்கு நேர் பேசியிருந்தால் கையை நீட்டி இவள், அவள் என்று காட்டியிருப்பார்கள். மேஸ்திரியின் வாய்க்குக் கை கிடையாதே!

வேலை முடிந்து மணிக்காரி பாதி வழி போய்விட்டாள். சாப்பாட்டு டப்பாவைக் கொட்டகை ஜன்னலில் வைத்துவிட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. திரும்பி வந்தவள் டப்பாவை எடுக்கக் கையை நீட்டினாள். குளியல் தொட்டி கண்ணில் பட்டது.

தொட்டி நிறையத் தண்ணீர். கண்ணாடி மாதிரித் தெளிந்த தண்ணீர். பொட்டுப் பச்சை இல்லை.

ஒரு கணம் அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. மறுகணம் எல்லாம் ஓடியது. பச்சை இறங்காமல் ஒரு குளியல் உண்டா? குளித்தவளையே புதியவள் மறுபடி குளிப்பாட்டியிருக்கிறாள். அப்படியென்றால் நிறைந்த வயிற்றோடு நிற்கிறவள் தலையில்தான் தண்ணீர் முழுவதும் விழுந்துகொண்டிருக்கிறது. அவளால் இனி எதையும் பிடிக்க முடியாது. பின்னால் தாங்கிக்கொள்ளவும் ஆள் இல்லை. இன்னும் சற்று நேரத்தில், ஏன், இப்போதே, நிக்கல் தண்ணீர் பின்சுவரைத் தாண்டும்.

வாய்க்கால் பட்டறைக்கு முன்பே கெட்ட பெயர் வாங்கித் தந்த இடம். அந்தப் பக்கத்தில் காய்கறி போடுகிறவர்கள், ஒரு காலத்தில் பட்டறை விட்ட தண்ணீரைக் குடத்தில் பிடித்துவந்து முதலாளியின் மேசைமேல் வைத்து, நீ ஒரு வாய் குடி என்று சொன்னவர்கள். அதற்குப் பிறகுதான் இந்தக் கொட்டகையே வந்தது. மறுபடி ஒருமுறை அப்படி நடந்தால், அன்றைக்கு வால்வைப் பிடித்த கை மறுநாள் இங்கே இருக்காது என்று முதலாளி எல்லோர் முன்னிலையிலும் சொல்லியிருந்தார்.

இன்றைக்கு வால்வைப் பிடித்த கை அவளுடையது அல்ல.

கொட்டகையின் அந்தக் கோடியில், மோட்டார் பக்கத்தில், புதியவள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள். மணிக்காரி திரும்பி வந்ததை அவள் பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை. டப்பாவை எடுத்துக்கொண்டு வந்த வழியே போய்விட்டால் போதும். சாயங்காலத்துக்குள் எல்லாம் தானாக முடிந்துவிடும். கொட்டகை அவளுடையது. ஒரு பொய் சொல்ல வேண்டாம், ஒரு விரலை அசைக்க வேண்டாம். போனால் மட்டும் போதும்.

உண்மையைச் சொல்ல வேண்டும். அவள் கை டப்பாவை எடுத்தது. கால் ஒரு அடி வைத்தது. அப்புறம் அந்தக் கால் ஏன் நின்றது? சுவருக்கு அப்பால் தண்ணீர் விழுகிற சலசலப்பு கேட்டதாலா? எத்தனையோ வருடங்களாக அந்தச் சத்தம் சுத்தமாக விழுந்ததற்கு அவள் காவல் இருந்தாள். அந்தச் சத்தம் இன்று பொய் சொல்கிறதே என்று நெஞ்சு பதறியதாலா?

டப்பா கீழே விழுந்தது. கூப்பிட வாயைத் திறந்தாள். என்ன சொல்லிக் கூப்பிடுவது? பேர் வரவில்லை. அக்கா என்ற சொல் பல்லுக்குப் பின்னால் நின்றுவிட்டது. ஏம்மா என்று கத்தினாள். மோட்டார் இரைச்சல் அதை விழுங்கிவிட்டது. கடைசியில், மாமியார் தினமும் அழைப்பதைக் கேட்டுக் கேட்டு வெறுத்திருந்த அந்த வார்த்தையே அடிவயிற்றிலிருந்து வெளியே வந்தது.

"மூத்தவளே! மூடு!"

எல்லாவற்றையும் மூடு என்றுதான் அவள் சொல்ல வந்தாள். இரைச்சலைக் கடந்து புதியவள் காதில் விழுந்ததோ வேறு. மூத்தவளை மூடு என்று விழுந்தது. தன்னை அழைக்கிறாள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அப்படி இவள் அழைத்ததே கிடையாதே! உருளையைச் சொல்கிறாள் என்று நினைத்து, ஏன் எதற்கு என்று கேட்காமல் பாய்ந்து, மூத்தவளுக்குள் தண்ணீர் நுழைகிற வால்வை இறுக்கினாள். அந்த நேரத்தில் செய்ய வேண்டிய ஒரே காரியம் அதுதான். முன்னால் நிற்பவளை மூடினால் மொத்தத் தண்ணீரும் நின்றுவிடும். ஒரு மயக்கத்தில் நடந்த தப்பு இன்னொரு மயக்கத்தில் தடுக்கப்பட்டது.

மோட்டார் திணறியது. மேஸ்திரி ஓடிவந்து அதை நிறுத்தினார். கடைசிக் குழாயிலிருந்து ஒரு கிண்ணம் தண்ணீர் பிடித்து, மணிக்காரி சோதனை மருந்தில் ஒரு சொட்டு விட்டாள். நிக்கல் இருந்தால் அந்த மருந்து சிவக்கும். மூன்று பேரும் கிண்ணத்தையே பார்த்தார்கள். மெல்ல மெல்ல, வெட்கப்படுகிற கன்னம் மாதிரி ஓர் இளஞ்சிவப்பு எழுந்தது. கசிவு அப்போதுதான் தொடங்கியிருக்கிறது. கொஞ்சம் போயிருக்கும். நிறையப் போவதற்குள் பிடித்தாகிவிட்டது.

முதலாளி வந்தார். புதியவள் தொட்டியைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள், முகம் வெளிறிப்போயிருந்தது. தான்தான் ஆளை மாற்றிக் குளிப்பாட்டிவிட்டேன், பச்சை இல்லாமல் இறங்கியபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டாள். மணிக்காரி குறுக்கிட்டாள். இரண்டு பக்கமும் பொருந்துகிற மாதிரி சொல்லி அனுப்பியது தான்தான், வாசல் பக்கம் சுவர்ப் பக்கம் என்று சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது என்றாள். மேஸ்திரி சும்மா இருப்பாரா? தபாலைப் பிரித்துப் பார்க்காமல் கொடுத்தது தன் தப்பு என்று அவரும் ஒரு பங்கு கேட்டார்.

முதலாளிக்குத் தலை சுற்றியது. வழக்கமாகப் பழியை அடுத்தவர் தலையில் கட்டத்தான் ஆட்கள் போட்டி போடுவார்கள். வாய்க்கால்காரர்களிடம் நானே போய் நடந்ததைச் சொல்கிறேன் என்றார். பிறகு, "கொட்டகை யாருக்குன்னு என்னால சொல்ல முடியல. நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பேசி! மேஸ்திரி மீசைக்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே நழுவிவிட்டார்.

கொட்டகையில் இரண்டு உருளைகளும் இரண்டு பெண்களும். நிறைந்தவளைக் குளிப்பாட்ட வேண்டும், வேலை காத்திருந்தது. மணிக்காரி ஆசிட் குடுவையின் மூடியைத் திறந்தாள். நெடி எழுந்ததும் புதியவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். பின்சுவர் ஓரத்தில் குனிந்து நின்று ஓங்கரித்தாள். மணிக்காரி போய்ப் பார்த்தாள். அவள் நெற்றியைப் பார்த்தாள், கண்ணுக்குக் கீழே பார்த்தாள். பெண்ணுக்குப் பெண் சொல்லித் தெரிய வேண்டிய விஷயமா அது?

"எத்தன மாசம்?"

புதியவளுக்குக் கண்ணீர்தான் வந்தது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை, தையல்காரருக்கே தெரியாது. தெரிந்தால் ஆசிட் பக்கம் நிற்கக் கூடாது என்று வேலையை விடச் சொல்வார்கள். கடை வேறு மூடுகிற நிலை. அதனால் மறைத்தேன் என்று விம்மினாள்.

மணிக்காரிக்கு வந்த கோபத்தில் இத்தனை நாள் ஒப்பந்தமும் காற்றில் பறந்தது. "அறிவிருக்கா உனக்கு? இந்த நெடியில நின்னியா? தினமுமா நின்ன?" என்று கத்தினாள். கத்திய குரல் பாதியில் உடைந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு ஒண்ணு வந்து தங்காம போச்சும்மா. அப்ப இந்த மணியெல்லாம் கிடையாது. முலாம் தொட்டிப் பக்கம் நின்னேன். அதனாலதான் போச்சா, வேற எதனாலயாவது போச்சான்னு யாரும் சொல்லல. கேக்க எனக்குத் தைரியம் இல்ல."

புதியவள் அழுகையை நிறுத்திவிட்டாள். இவளுக்குள் இப்படி ஒன்று இருக்கிறது என்று அந்த வீட்டில் யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. கையை நீட்டி மணிக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆசிட்டில் தோல் உரிந்து உரிந்து காய்த்துப்போன கை.

மணிக்காரி ஒரு முக்காலியைக் காற்று வருகிற இடத்தில் கொண்டுவந்து போட்டு அவளை உட்கார வைத்தாள். வேலைக்கு உள்ளே போனாள். கொட்டகை யாருக்கு என்று தனியாகப் பேச வேண்டியிருக்கவில்லை. எது போய்விடுமோ என்று பயந்தாளோ அந்த இடம் அவளுக்குக் கிடைத்துவிட்டது. கிடைத்த சந்தோஷத்தைத்தான் காணவில்லை. மேஸ்திரி தலையை நீட்டி, முதலாளியிடம் என்ன சொல்லட்டும் என்று கேட்டார். தான் இருப்பதாகச் சொல்லச் சொன்னாள். பிள்ளை பிறந்து, வேலையும் கூடி, இன்னோர் ஆள் தேவைப்பட்டால் முதல் அழைப்பு இவளுக்குத்தான், இதை முதலாளி வாயால் கேட்காமல் வராதீர்கள் என்றாள்.

நிறைந்த உருளையின் அடிக்குழாய் திறந்தது. பச்சை இறங்கத் தொடங்கியது. வெளியே உட்கார்ந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்த புதியவள் சொன்னாள்: "முறைப்படி பாத்தா என் புள்ள உங்கள சித்தின்னு கூப்பிடணும். வயசுல நீங்க பெரியவங்க. நான் பெரியம்மான்னே சொல்லிக் குடுக்கறேன். அத்தை கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்."

மணிக்காரியின் கை வால்வின் மேல் நின்றது. அந்தப் பெண் தன்னால் தர முடிந்த மிகப் பெரிய பொருளைக் கொண்டுவந்து நீட்டுகிறாள் என்று அவளுக்குப் புரிந்தது. ஒரு வாரத்துக்கு முன்னால் இதைக் கேட்டிருந்தால் பறித்துக்கொண்டிருப்பாள்.

"வேணாம், சித்தின்னே கூப்பிடட்டும்" என்றாள். "கேக்கவே இளமையா இருக்கு."

புதியவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அப்படிச் சிரித்து மறுபடி வாந்தி எடுக்காதே என்று மணிக்காரி உள்ளேயிருந்து அதட்டினாள். தொட்டியில் பச்சை ஏறிக்கொண்டே வந்தது.